32 வாரத்தில் பிறந்த குழந்தை 7 மாதமாகியும் உட்காரவில்லை

கேள்வி:
தங்கைக்குக் கர்ப்பத்தில் பிரஷர் 160/110-ஐத் தாண்டி, சிறுநீரில் புரதமும் வந்ததால் 32-வது வாரத்திலேயே சிசேரியன். பிறந்த எடை 1.2 கிலோ. இப்போது 7 மாதம். தலை நிற்கிறது, உட்காரவில்லை. பிரஷர் மூளையைப் பாதித்திருக்குமா?

பதில் 1:
முதலில் வயதைத் திருத்துங்கள். 40 வாரத்துக்கு 8 வாரம் முன்னால் பிறந்திருக்கிறது. 7 மாதம் என்பது சுமார் 30 வாரம். 8 போனால் 22, அதாவது 5 மாதம். 5 மாதக் குழந்தை உட்காராதது இயல்புதான். எடை, தலைச்சுற்றளவு, தவழ்வது, பேசுவது எல்லாவற்றையும் 2 வயதுவரை இந்தத் திருத்திய வயதில்தான் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான் கணக்கு. குறைமாதம் என்று அதைத் தள்ளிப்போடுவது பெரிய தவறு.

பதில் 2:
தாயின் பிரஷர் குழந்தையின் மூளையில் நேராக ஏறுவதில்லை. கர்ப்பப்பையிலிருந்து நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தக் குழாய்கள் போதுமான அளவு விரியாததால் குழந்தைக்கு ஓட்டம் குறைகிறது. 32 வாரத்துக்கு 1.2 கிலோ குறைவு. அதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஆக இரண்டு சுமை: சீக்கிரம் பிறந்தது, உள்ளேயே வளர்ச்சி குன்றியது.

டிஸ்சார்ஜ் தாளில் பாருங்கள்: பிரசவத்துக்கு முன் ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா (நுரையீரலுக்கு மட்டுமல்ல, மூளையில் ரத்தக்கசிவையும் குறைக்கும்), மெக்னீசியம் சல்பேட் கொடுத்தார்களா (தாய்க்கு வலிப்பைத் தடுப்பதோடு குழந்தைக்கு மூளைவாதம், அதாவது மூளைப் பாதிப்பால் கை கால் அசைவு கெடும் நிலை, வரும் வாய்ப்பையும் குறைக்கும்), தலை ஸ்கேனில் கசிவு இருந்ததா. விழித்திரைப் பரிசோதனையும் காதுப் பரிசோதனையும் விட்டுப்போயிருந்தால் உடனே செய்யுங்கள்.

பதில் 3:
உட்காருவதைவிட இவைதான் முக்கியம், எல்லாம் திருத்திய வயதில்: 4 மாதத்துக்குப் பிறகும் கை இறுக மூடியே இருப்பது, கால்கள் விறைத்துக் கத்தரிக்கோல்போல் பின்னுவது, 1 வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது, சத்தத்துக்குத் திரும்பாதது. ஒன்று தெரிந்தாலும் அடுத்த செக்கப்வரை காத்திருக்காமல் குழந்தைகள் நல மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் காட்டுங்கள். பயிற்சியைச் சீக்கிரம் தொடங்குவது நல்லது.

விழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்து, சிறிது சிறிதாகக் குப்புறப் போடுங்கள். தூங்க வைப்பது மல்லாக்கத்தான். வாக்கர் வேண்டவே வேண்டாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குறைமாதக் குழந்தைக்கு இரும்புச்சத்துச் சொட்டு மருந்து தேவை, பொதுவாகக் கிலோவுக்குத் தினம் 2 மி.கி.; அளவை மருத்துவரே எழுதட்டும்.

தங்கையின் பிரஷரையும் ஆண்டுதோறும் பாருங்கள். அடுத்த கர்ப்பம் என்றால், இதே பிரஷர் மறுபடி வரும் வாய்ப்பைக் குறைக்க, 12-வது வாரத்திலேயே குறைந்த அளவு ஆஸ்பிரின் பற்றி மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். 16 வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் பலன் அதிகம்.