சிங்க்ரனஸ் பக் சார்ஜர்: பகலெல்லாம் நன்றாக ஓடுகிறது, விடிந்து பார்த்தால் கீழ் மாஸ்ஃபெட் ஷார்ட். உதவுங்கள்

மொட்டைமாடி_சோலார்:
எல்லோருக்கும் வணக்கம். 100 வாட் பேனல் (முழு வெயிலில் 18 வோல்ட், லோடு இல்லாமல் 22), 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, நடுவில் நானே கட்டிய எம்பிபிடி (பேனலிலிருந்து அதிகபட்ச பவரை எடுக்கும்) சார்ஜர். சிங்க்ரனஸ் பக், அதாவது வோல்டேஜைக் குறைக்கும் சர்க்யூட்டில் கீழ் டயோடுக்குப் பதிலும் ஒரு மாஸ்ஃபெட் (எலக்ட்ரானிக் ஸ்விட்ச்). ஆர்டுயினோ யூனோ, 50 கிலோஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம் (ஆன்-ஆஃப் துடிப்பு), மாஸ்ஃபெட்டுகளை ஓட்ட ஐஆர்2104 டிரைவர், மேலேயும் கீழேயும் ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட், 33 மைக்ரோஹென்றி காயில், இன்புட்டில் 35 வோல்ட் கெபாசிட்டர். இரவில் பேட்டரி பேனலுக்குள் வடியாமலிருக்க பேனல் வயரில் ஒரு ஷாட்கி டயோடு.

நண்பகலில் 5 ஆம்ப் ஏறுகிறது, ஹீட்சிங்க் கையில் சுடவே இல்லை. ஆனால் மறுநாள் காலை பேட்டரி ஃபியூஸ் போயிருக்கிறது, கீழ் மாஸ்ஃபெட் டிரெயின்-சோர்ஸ் ஷார்ட், கெபாசிட்டர் தலை உப்பியிருக்கிறது. மாற்றிப் போட்டேன். மூன்றாம் நாள் அதே கதை. லோடே இல்லாத நேரத்தில் எப்படிப் போகும்? இரண்டு நாளாக இதே யோசனைதான்.

ஈயப்பற்று:
மேல், கீழ் இரண்டும் ஒரே சமயம் ஆனாகிறதா? டெட் டைம் (இரண்டும் ஆஃபாக இருக்கும் இடைவெளி) பார்த்தீர்களா?

மொட்டைமாடி_சோலார்:
ஐஆர்2104 தானே 520 நானோசெகண்ட் விடுகிறது அண்ணா. ஸ்கோப்பிலும் இடைவெளி தெளிவாகத் தெரிகிறது.

அலைக்காட்டி:
டெட் டைம் காரணமாக இருந்தால் நண்பகலிலேயே சுட்டிருக்கும். உப்பிய கெபாசிட்டர்தான் இங்கே சாட்சி. 22 வோல்ட்டுக்கு மேல் தரவே முடியாத பேனல், 35 வோல்ட் கெபாசிட்டரை உப்ப வைக்காது. அந்த வோல்டேஜ் பேட்டரி பக்கத்திலிருந்து வந்திருக்கிறது.

டயோடு ஒரு திசையில்தான் கரண்ட்டை விடும். அதன் இடத்தில் மாஸ்ஃபெட்டை வைத்தால், கேட் (ஸ்விட்ச்சை இயக்கும் கால்) ஆனில் இருக்கும்வரை அதற்குத் திசை கிடையாது. உங்கள் சர்க்யூட்டைப் பேட்டரியிலிருந்து பின்னோக்கிப் படித்துப் பாருங்கள்: பேட்டரி, காயில், கிரவுண்டுக்கு ஒரு ஸ்விட்ச், இன்புட் கெபாசிட்டருக்கு இன்னொரு ஸ்விட்ச். இது அச்சு அசல் பூஸ்ட் கன்வெர்ட்டர், வோல்டேஜை உயர்த்தும் சர்க்யூட். பகலில் பேனல் தள்ளுவதால் பக்காக ஓடுகிறது. பேனல் தளர்ந்ததும் அதே சர்க்யூட் திரும்பி ஓடும். இன்புட்டில் ஏறும் வோல்டேஜ், பேட்டரி வோல்டேஜை டியூட்டியால் (ஒரு சைக்கிளில் மேல் மாஸ்ஃபெட் ஆனாக இருக்கும் பங்கு) வகுத்தது. டியூட்டி 0.7 என்றால் 12.8 ÷ 0.7 = 18.3, ஆபத்தில்லை. 0.2 என்றால் 64. உங்கள் மாஸ்ஃபெட் 55 வோல்ட்தான் தாங்கும். ஷாட்கி இருப்பதால் அந்தச் சக்தி பேனலுக்குள்ளும் இறங்க முடியாது, கெபாசிட்டரிலேயே குவியும். கடைசியில் கீழ் மாஸ்ஃபெட் ஷார்ட்டானதும் பேட்டரி காயில் வழியாகக் கிரவுண்டைத் தொடும். ஃபியூஸ் போனது அப்போதுதான்.

உறுதி செய்ய ஒரு சோதனை. பேட்டரியையும் பேனலையும் கழற்றுங்கள். பேட்டரி முனையில் பெஞ்ச் சப்ளையை 12.8 வோல்ட், 0.5 ஆம்ப் லிமிட்டில் கொடுங்கள். டியூட்டியைக் கையால் 70 சதவீதம் வைத்து இன்புட் கெபாசிட்டரை மீட்டரில் பாருங்கள். அடுத்து 50. அதற்குக் கீழே போகவே வேண்டாம்.

மொட்டைமாடி_சோலார்:
சார், உடம்பு சிலிர்த்துவிட்டது. பேனலே இல்லாமல் 70-இல் 18.2, 50-இல் 25.4 காட்டுகிறது!

ஆனால் பேட்டரி வயரில் ஏசிஎஸ்712 சென்சார் இருக்கிறது. திரும்பிப் போகும் கரண்ட்டை அது காட்டியிருக்க வேண்டாமா? சீரியல் மானிட்டரில் சாயங்காலம் முழுக்க 0.00 தான் வந்தது.

அலைக்காட்டி:
கோடில் "கரண்ட் பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று வை" என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும், தேடுங்கள். அந்த சென்சார் இரு திசையும் அளக்கும், பூஜ்யத்துக்கு 2.5 வோல்ட், எதிர்த் திசைக்கு அதற்குக் கீழே. நாய்ஸை மறைக்கப் பலரும் அந்த வரியைச் சேர்க்கிறார்கள்.

மொட்டைமாடி_சோலார்:
இருக்கிறது. நான்தான் சேர்த்தேன். இன்னொன்று, பேனல் வோல்டேஜ் இறங்கிவிட்டால் டியூட்டியை 0 ஆக்குகிறேன், அதுதான் ஆஃப் என்று நினைத்து.

ஈயப்பற்று:
தம்பி, அதை முதலில் எடு! ஐஆர்2104-இல் ஒரே இன்புட் இரண்டு கேட்டையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறது. இன்புட் லோ என்றால் கீழ் மாஸ்ஃபெட் ஆன். டியூட்டி 0 என்றால் அது நிரந்தரமாக ஆன், பேட்டரிக்கு நேர் ஷார்ட். நிறுத்த வேண்டுமானால் எஸ்டி (ஷட்டவுன்) பின்னை லோ ஆக்கு, அதுதான் இரண்டையும் அணைக்கும். அந்தப் பின்னில் கிரவுண்டுக்கு 10 கிலோஓம் போடு. ஆர்டுயினோ ரீசெட்டாகும் நேரத்திலும் அணைந்தே இருக்கும்.

அலைக்காட்டி:
மிகச் சரி. இரண்டில் எது வந்தாலும் பாகம் போகும். உப்பிய கெபாசிட்டர், பூஸ்ட் முந்திக்கொண்டதைச் சொல்கிறது. மாலையில் பவர், சென்சாரின் நாய்ஸுக்குள் மூழ்கிவிடும். யூனோவின் ஏடிசியில் (வோல்டேஜை எண்ணாக்கும் பகுதி) ஒரு படி சுமார் 5 மில்லிவோல்ட். 20 ஆம்ப் சென்சாரில் அது 50 மில்லிஆம்ப். எம்பிபிடி கணக்கு திசை தெரியாமல் டியூட்டியைக் கீழே கொண்டுபோயிருக்கும்.

எந்தக் கரண்ட்டில் நிறுத்துவது என்பதற்குக் கணக்கு போடலாம். 18 வோல்ட்டிலிருந்து 12.8-க்கு டியூட்டி 0.71, ஆன் நேரம் 14.2 மைக்ரோசெகண்ட். காயிலின் ரிப்பிள் (கரண்ட்டின் ஏற்ற இறக்கம்) 5.2 × 14.2 ÷ 33, சுமார் 2.2 ஆம்ப். அதில் பாதி 1.1. சராசரி அதற்குக் கீழே இறங்கியதும் ஒவ்வொரு சைக்கிளிலும் கொஞ்ச நேரம் கரண்ட் பின்னோக்கி ஓடத் தொடங்கும். அதனால் 1.5 ஆம்புக்குக் கீழே, மேல் மாஸ்ஃபெட் ஆனாக இருக்கும் நேரம் மட்டும் எஸ்டியை ஹை ஆக்குங்கள். மீதி நேரம் கீழ் மாஸ்ஃபெட்டின் பாடி டயோடு (அதற்குள்ளேயே இருக்கும் டயோடு) பார்த்துக்கொள்ளும். நெகட்டிவ் கரண்ட் தெரிந்தால் உடனே முழுதாக நிறுத்துங்கள்.

சாஃப்ட்வேரை மட்டும் நம்பாதீர்கள். இன்புட் 28 வோல்ட்டைத் தாண்டினால் எஸ்டியைக் கீழே இழுக்க ஒரு எல்எம்393 (வோல்டேஜை ஒப்பிடும் சிப்) போதும். ஆர்டுயினோவிலிருந்து எஸ்டிக்கு 2.2 கிலோஓம் வழியாகப் போங்கள், அப்போதுதான் எல்எம்393 ஜெயிக்கும். டிவிஎஸ் (எகிறும் வோல்டேஜை உறிஞ்சும்) டயோடு போடலாமா என்று கேட்பீர்கள்: சின்ன துடிப்பைத்தான் அது விழுங்கும். விடாமல் பம்ப் செய்தால் கருகிவிடும்.

ஈயப்பற்று:
ஒரு கேள்வி கேட்கிறேன், கோபிக்காதே. இங்கே சிங்க்ரனஸ் தேவையா? கீழ் பக்கம் கரண்ட் ஓடுவது 29 சதவீத நேரம்தான். 0.5 வோல்ட் ஷாட்கியில் 5 × 0.5 × 0.29, அதாவது 0.73 வாட் நஷ்டம். மாஸ்ஃபெட்டில் 0.13. மிச்சம் 0.6 வாட். ஆனால் பேனல் வயரில் இருக்கும் உன் ஷாட்கி 3.6 ஆம்பில் 1.8 வாட் தின்கிறது! 12-ஐ 1 வோல்ட்டாக்கும் கம்ப்யூட்டர் போர்டில் கீழ் பக்கம் 90 சதவீதத்துக்கு மேல் ஓடும், அங்கே டயோடு வைத்தால் பவரில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அங்கே இது உயிர். உனக்கு முதலில் மாற்ற வேண்டியது பேனல் டயோடு.

மொட்டைமாடி_சோலார்:
புரிகிறது அண்ணா. சிங்க்ரனஸைப் புரிந்துகொள்ளவே கட்டினேன், அதனால் வைத்துக்கொள்கிறேன். மூன்று மாற்றமும் செய்தாயிற்று. ஆனால் காலையில் தொடங்க மறுக்கிறது. மேல் கேட்டில் வோல்டேஜே இல்லை.

அலைக்காட்டி:
மேல் கேட்டை ஓட்டும் சக்தியைச் சேமிக்கும் பூட்ஸ்ட்ராப் கெபாசிட்டர் காலி. இரவெல்லாம் ஸ்விட்ச் நோடு (இரண்டு மாஸ்ஃபெட்டும் காயிலும் சேரும் இடம்) பேட்டரியின் 12.8-இல் நிற்கிறது, டிரைவர் சப்ளை 12. கெபாசிட்டர் எப்படி நிரம்பும்? தொடங்குமுன் கீழ் மாஸ்ஃபெட்டை ஒரே ஒரு முறை 2 மைக்ரோசெகண்ட் ஆன் செய்யுங்கள். காயிலில் 0.8 ஆம்ப்தான் பின்னோக்கி ஏறும், பயமில்லை. ஓடத் தொடங்கியபின் பாடி டயோடு நடத்தும்போதெல்லாம் அது தானே நிரம்பிக்கொள்ளும்.

மொட்டைமாடி_சோலார்:
ஓடுகிறது! ஒன்பது நாளாயிற்று, எதுவும் சுடவில்லை, எதுவும் போகவில்லை. ஒரே ஒரு சந்தேகம்: எஸ்டி லோவில் இருந்தும் நடுராத்திரி இன்புட்டில் 12.4 வோல்ட் நிற்கிறது. கசிவா?

அலைக்காட்டி:
இல்லை. மேல் மாஸ்ஃபெட்டின் பாடி டயோடு வழியாகப் பேட்டரி எட்டிப் பார்க்கிறது. அதைத் தடுக்கத்தான் பேனல் வயரில் அந்த டயோடு. அதற்குப் பதில் மாஸ்ஃபெட் போடும்போது இதை மறந்துவிடாதீர்கள். ராத்திரி அது ஆஃபிலேயே இருக்க வேண்டும்.