ஆயாவின் ஏழு முத்துகள்: தர்மபுரி பக்கம் சோதித்துச் சொல்பவர் உண்டா?

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோட்டில் எங்கள் ஆயாவின் மஞ்சள் டப்பாவில் ஒரு துணி முடிச்சு கிடைத்தது. உள்ளே ஏழு முத்துகள். கோத்த நூல் இற்றுப்போயிருக்கிறது. மிளகை விடச் சற்றுப் பெரிது, ஒன்று மட்டும் லேசாகக் கோணல். பல்லில் தேய்த்தால் நறநறவென்கிறது; கண்ணாடி மணி வழுக்கும். ஆனால் வளர்ப்பு முத்தும் நறநறக்கும், எக்ஸ்ரே எடுத்தால்தான் வித்தியாசம் தெரியும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூரில் இதைப் பார்த்துச் சொல்பவர் யாராவது இருக்கிறார்களா?

மன்னார் வளைகுடாவில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். ஆயாவின் கல்யாணம் அதற்கு முன்பே. அதனால் கொற்கைப் பக்கத்துக் கடல்முத்தாக இருக்குமோ என்று ஓர் ஆசை.

முத்து உடல் சூட்டைத் தணிக்கும், கண்ணுக்குக் குளிர்ச்சி என்று ஆயா உறுதியாக நம்பினார். இப்போது சித்தப்பா தன் நெஞ்செரிச்சலுக்கு இதைப் பற்பமாக்கலாம், அதாவது புடம் போட்டுச் சுட்டு மருந்துப் பொடியாக்கலாம் என்கிறார். சித்த மருத்துவத்தில் முத்துப் பற்பம் உண்டுதான். ஆனால் முத்தில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல்லும் அதேதான். அதற்காக ஆயாவின் முத்தைப் புடம் போட எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், முத்துக்கு முத்து முடிச்சுப் போட்டுப் பட்டுநூலில் கோக்கத் தெரிந்தவர் இருந்தாலும் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் முத்தை வைத்துச் செய்த கைவைத்தியம் நினைவிருந்தால் எழுதுங்கள், நோட்டில் குறித்து வைக்கிறேன்.