பார்த்த நிறம் எங்கே போகிறது? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

ஊசிமுனை:
11 ஆண்டுகளாக ஆரி வேலை செய்கிறேன். வாடிக்கையாளர் தரும் மாதிரி ரவிக்கை எனக்கு இடப்பக்கம் இருக்கும். நூல்கண்டுகள் முதுகுக்குப் பின்னால், சுவர் அலமாரியில். மாதிரியைப் பார்த்துவிட்டுத் திரும்பி நூல் எடுக்க இரண்டு நொடி ஆகலாம். மூன்று நிறம் என்றால் தவறே வராது. மயில்தோகை வேலையில்தான் சிக்கல். அதில் ஐந்தாறு நிறம் வரும்.

சென்ற மாதம் ஒரு மணப்பெண்ணின் ரவிக்கை. எடுத்த நிறங்கள் எல்லாமே சரி. ஆனால் தோகைக் கண்ணின் நடுவில் வரவேண்டிய நீலம் வெளிவட்டத்துக்குப் போய்விட்டது, வெளிவட்டத்தின் பச்சை நடுவுக்கு வந்துவிட்டது. ஒரு கை முழுவதையும் பிரித்தேன். பட்டில் ஊசித்துளை தெரிந்துவிடுமோ என்று அன்றிரவு பதறிய பதற்றம் இன்னும் மறக்கவில்லை. கவனக்குறைவு என்கிறார் அம்மா. நான் நன்றாகப் பார்த்தேன். அது எனக்கு உறுதியாகத் தெரியும். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

சாம்பல்திரை:
அக்கா, அது கவனக்குறைவு இல்லை. உளவியல் முதுகலை படித்தபோது இதைச் சோதிக்கும் ஆய்வொன்றில் நானே ஆளாக உட்கார்ந்தேன். சாம்பல் நிறத் திரையில் சில வண்ணச் சதுரங்கள் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தோன்றும். பிறகு ஏறக்குறைய ஒரு நொடி வெறும் திரை. மீண்டும் சதுரங்கள் வரும். ஏதாவது ஒன்று நிறம் மாறியதா என்று சொல்ல வேண்டும். மூன்று வரை எனக்கு விளையாட்டாக இருந்தது. ஆறு வந்தபோது, இல்லாத மாற்றத்தை "இருக்கிறது" என்று அடித்துச் சொன்னேன்.

ஸ்டீவன் லக்கும் எட்வர்ட் வோகலும் 1997இல் வெளியிட்ட சோதனையின் வழியில் அமைந்தது அது. பார்வைக் குறுகிய கால நினைவு ஏறக்குறைய நான்கு பொருள்களைத்தான் தாங்குகிறது என்று அவர்கள் காட்டினார்கள். உங்கள் மூன்று நிறமும் ஆறு நிறமும் அந்த எல்லைக்கு இருபுறமும் நிற்கின்றன. நீலமும் பச்சையும் இடம் மாறியதற்கும் விளக்கம் உண்டு. மேரி வீலரும் ஆன் டிரீஸ்மனும் 2002இல் எழுதிய கட்டுரையின்படி, தனித்தனி அம்சங்கள் நினைவில் நிற்கும்போதே எது எதனோடு சேர்ந்தது என்ற பிணைப்பு அவிழ்ந்துவிடக்கூடும்.

புள்ளிக்கோலம்:
எனக்கு நேர்மாறான அனுபவம். 15 புள்ளிச் சிக்குக்கோலத்தை அடுத்த தெருவில் ஒருமுறை பார்த்தால் மறுநாள் காலையில் என் வாசலில் போட்டுவிடுவேன். நான்குதான் எல்லை என்றால் இது எப்படி? அதே நான் பேத்தி கிறுக்கிய பத்துக் கோடுகளைத் திரும்ப வரைய முடியாமல் திணறினேன். அவள் அழுதே விட்டாள்.

சாம்பல்திரை:
அம்மா, மறுநாள் வரை நிற்பது குறுகிய கால நினைவு அல்ல. கோலத்தை நீங்கள் கோடு கோடாகப் பார்ப்பதில்லை. பல ஆண்டுகள் கை பழகிய வளைவுகளாக, சில பெரிய துண்டுகளாகப் பார்க்கிறீர்கள். வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973இல் சதுரங்க வல்லுநரிடம் கண்டதும் இதுவே. உண்மையான ஆட்டத்தின் காய்நிலையை ஐந்து நொடி பார்த்தே அவர் பெரும்பாலும் திரும்ப அடுக்கினார். காய்களைக் கண்டபடி வைத்துக் காட்டியபோது அந்த மேன்மை போய்விட்டது. பேத்தியின் கிறுக்கல் உங்களுக்கு அப்படிப்பட்ட பலகை.

படிகாரன்:
தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்க்கிறேன். கம்பிகளைக் கழற்றுமுன் உற்றுப் பார்ப்பேன். பார்க்கும்போது முழுப் பலகையும் கண்ணுக்குள் இருப்பதாகவே தோன்றும், திரும்பினால் இருக்காது. இது மெல்ல மங்குகிறதா, ஒரேயடியாகப் போகிறதா?

சாம்பல்திரை:
இரண்டு கட்டமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், அண்ணா. முழுப் பலகையும் இருப்பதாகத் தோன்றுவது பொய்யல்ல. 1960இல் ஜார்ஜ் ஸ்பெர்லிங் மூன்று வரிசையில் 12 எழுத்துகளைக் கணநேரம் காட்டினார். எல்லாவற்றையும் சொல்லச் சொன்னால் நான்கைந்துதான் வந்தன. எழுத்துகள் மறைந்த உடனே ஓர் ஒலியால் ஒரு வரிசையை மட்டும் கேட்டால், எந்த வரிசையானாலும் பெரும்பகுதி வந்தது. ஒலியை ஒரு நொடி தாமதித்தால் அந்த நன்மை இல்லை. அகலமான அந்த முதல் பதிவு அவ்வளவு விரைவில் கரைகிறது.

அதைத் தாண்டி நிற்கும் நான்கின் கதை வேறு. வெய்வெய் ஜாங்கும் லக்கும் 2009இல் 1, 4, 10 நொடி இடைவெளி விட்டு நிறங்களைக் கேட்டார்கள். நிறம் வெளுத்துப்போகவில்லை; இருந்தவரை ஏறக்குறைய அதே துல்லியத்தோடு இருந்தது, பிறகு முழுதாக இல்லாமல் போனது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது, சோதனையில் நான் உணர்ந்ததும் அதுவே. ஆனால் நினைவில் பொருளுக்கு ஒன்றாக எண்ணி வைத்த அறைகள் உண்டு என்ற கருத்தையே பால் பேஸும் மசூத் ஹுசைனும் 2008இல் மறுத்தார்கள். இருக்கும் வளம் எல்லாப் பொருளுக்கும் பங்காகிறது, பொருள் கூடக்கூடத் துல்லியம் குறைகிறது என்பது அவர்கள் வாதம். வழக்கு இன்னும் தீரவில்லை.

ஊசிமுனை:
தம்பி, இதை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். முழுதாகக் கேட்டார். இன்று ஏழு நிற ரவிக்கை ஒன்று வந்திருக்கிறது. அலமாரியிலிருந்து நூல்கண்டுகளை முறத்தோடு எடுத்துவந்து மாதிரியின் மேலேயே வைத்துவிட்டேன். ஒவ்வொரு நிறத்தின் அருகிலும் அதே நூலில் ஒரு சிறு துண்டைக் குண்டூசியால் குத்தித் தந்தவர் அம்மாதான்.