கட்டிங் டேபிளில் "உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டது தப்பா?

ஊசிநூல்:
திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மூணு வருஷமா குவாலிட்டியில் இருக்கேன். போன வாரம் நடந்ததைச் சொல்றேன், நியாயத்தை நீங்க சொல்லுங்க.

இழுபடுற லைக்ரா நூல் கலந்த சிங்கிள் ஜெர்சி பனியன் துணி, 180 ஜிஎஸ்எம் ஆர்டர், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம் இருக்கணும். காலையில் காம்பேக்டிங்கிலிருந்து (துணியை அமுக்கிச் சுருக்கம் குறைக்கிற மிஷின்) வந்த ரோலை மதியமே லே போட்டுட்டாங்க, அதாவது வெட்டுறதுக்காக டேபிளில் அடுக்கடுக்கா விரிச்சுட்டாங்க. லைக்ரா துணியை ரோலிலிருந்து பிரிச்சு, தளர்வா அடுக்கி, ஒரு நாளாவது படுக்க விடணும். இழுத்துச் சுத்தின துணியை அப்படியே வெட்டினா, வெட்டின பிறகு பீஸ் சுருங்கிடும். வட்டக் கட்டரில் ஒரு துண்டு, சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்கு, எடுத்து எடை போட்டேன். 1.68 கிராம். நூறால் பெருக்கினா 168. அஞ்சு சதவீதம் விட்டுக்கொடுத்தாலும் 171க்குக் கீழே போகக் கூடாது.

டேபிளுக்குப் போய் கட்டிங் மாஸ்டர்கிட்ட, "மாஸ்டர், துணி படுக்கவே இல்ல, உங்களுக்குத் தெரியாதா? நிறுத்துங்க"ன்னு சொன்னேன். லே போடுற பசங்க, நம்பர் ஒட்டுற அக்காங்க எல்லாம் சேர்ந்து பதினாலு பேர் இருந்தாங்க. மாஸ்டர் கட்டிங் மிஷினைக் கீழே வெச்சுட்டு வெளிய போயிட்டார். வேலை நின்னுடுச்சு, அது நல்லதுதான். ஆனா அடுத்த நாள் ஹெச்ஆர் கூப்பிட்டு "உங்க தொனி சரியில்ல, மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுங்க"ன்றாங்க. நான் சொன்னதில் ஒரு எழுத்தாவது பொய்யா?

வெட்டு ஒண்ணு:
எழுதாதீங்க. எழுதினா நாளைக்கு ஷேட் மாறின ரோல் வந்தாலும் வாயை மூடிட்டுத்தான் நிக்கணும். துணியைக் காப்பாத்தினவங்களுக்கு மெமோ, கெடுக்கப் போனவருக்கு ஆறுதல். நம்ம ஊர் கம்பெனிகளில் "தன்மையாப் பேசு"ன்னா "பேசாதே"ன்னு அர்த்தம்.

பழைய கத்தரி:
இருபத்தெட்டு வருசமா டேபிள்ல நிக்கறனுங்க. அந்தப் புள்ள சொன்ன விசயம் சரிதானுங்க. ஆனா 168 வந்துச்சுன்னா துணி மட்டம்னு ஆகாதுங்க. இழுத்துச் சுத்தின ரோல்ல எடை கம்மியாத்தான் காட்டும், படுக்கப் போட்டா ஏறிக்கும். துணி சுருங்கறதுதான் பிரச்சனை, எடை இல்லீங்க. இது எந்த மாஸ்டருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் வெட்டப் போயிருப்பாரு. "கன்டெய்னர் தூத்துக்குடி போகோணும், இன்னைக்கே கட்டிங்கை இறக்கு"ன்னு மேல இருந்து காலையில பிடிச்சு நாலு போன் வந்திருக்கும். அதை அந்த மனுசன் யார்கிட்டச் சொல்லுவாரு? நெஞ்சுக்குள்ள அதோட நிக்கறப்ப வந்து "உங்களுக்குத் தெரியாதா"ன்னு கேட்டா எப்படிங்க இருக்கும்?

மாஸ்டருக்குச் சொத்துன்னு ஒண்ணு இருந்தா, டேபிள்ல அவன் பேச்சை நாலு பேர் கேக்கறதுதான். "லேயரை நேராப் போடு"ன்னு நாளைக்குச் சொன்னா அந்தப் பசங்க சிரிப்பானுங்க.

வெட்டு ஒண்ணு:
தெரிஞ்சே வெட்டினார்னா அது இன்னும் மோசம் இல்லையா அண்ணா?

பழைய கத்தரி:
மோசம்தானுங்க. நான் இல்லைன்னு சொல்லல.

ஓடுபாதை:
விமானப் பராமரிப்பில் இருக்கிறேன். பனியனுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், இந்தச் சண்டையை எங்கள் துறை உயிர் கொடுத்துப் பார்த்திருக்கிறது.

1978 டிசம்பர் 28. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகருக்கு மேலே யுனைடெட் 173 விமானம் சுமார் ஒரு மணி நேரம் வட்டமடித்தது. சக்கரம் சரியாக இறங்கியதா என்ற சந்தேகம், கேப்டனின் கவனமெல்லாம் அதிலேயே. எரிபொருள் குறைந்துகொண்டே போவது விமானி அறையில் கூடவே இருந்த எஞ்சினியருக்குத் தெரியும். சொல்லவும் சொன்னார், ஆனால் அதிகாரியிடம் பேசும் அடக்கத்தோடு சொன்னார். "இன்னும் இத்தனை நிமிடத்தில் விழுந்துவிடுவோம், இப்போதே இறக்குங்கள்" என்ற வடிவில் அது கேப்டன் காதுக்குப் போகவில்லை. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றன. இறந்த பத்துப் பேரில் அந்த எஞ்சினியரும் ஒருவர்.

அடுத்தது 1982 ஜனவரி 13, வாஷிங்டனில் பனி. ஏர் ஃப்ளோரிடா விமானம் ஓடுபாதையில் ஓடும்போதே எஞ்சின் அளவீடு சரியில்லை என்று துணை விமானி திரும்பத் திரும்பச் சொன்னார். கேப்டன் சரியாகத்தான் இருக்கிறது என்றார். "நிறுத்துங்கள்" என்ற ஒரு சொல் மட்டும் யார் வாயிலும் வரவில்லை. கிளம்பியதும் விமானம் ஒரு பாலத்தில் மோதி ஆற்றில் விழுந்தது. பாலத்தில் இருந்தவர்களையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள்.

ஊசிநூல் "நிறுத்துங்க" என்றார். அந்தச் சொல்லுக்கு மன்னிப்பு கேட்கச் சொல்லும் நிறுவனம் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிறது.

நைட் டூட்டி:
ஓடுபாதை சார், பாதிக் கதையில் இறங்கிட்டீங்க. போர்ட்லண்ட் விபத்தை விசாரிச்ச வாரியம் ரெண்டு பேருக்கும் பயிற்சி கொடுக்கச் சொல்லுச்சு. கீழே இருக்கிறவங்க அழுத்திச் சொல்லக் கத்துக்கணும், கேப்டன் மத்தவங்களையும் சேர்த்துக்கிட்டு முடிவெடுக்கக் கத்துக்கணும். அதிலிருந்து வந்த பாடம்தான் பிறகு எங்க ஆஸ்பத்திரிப் பக்கமும் வந்தது.

நான் மதுரையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன்னால் அறையில் இருக்கிற எல்லாரும் தன் பேரையும் வேலையையும் சொல்லணும்னு ஒரு வரி இருக்கு. முதல்ல எங்களுக்குச் சிரிப்பா இருந்துச்சு. தினமும் பார்க்கிற முகம், இதுல பேர் வேற என்னத்துக்குன்னு. பிறகுதான் புரிஞ்சது: ஒருதரம் வாயைத் திறந்து பேர் சொன்னவளுக்கு, அரை மணி கழிச்சு "டாக்டர், ஒரு கவுன்ட் குறையுது"ன்னு சொல்ல நாக்கு எழும்பும்.

ஆனா நான் "டாக்டர், உங்களுக்கு எண்ணத் தெரியாதா"ன்னு கேக்க மாட்டேன். "டாக்டர், ஒரு மாப் கணக்கில் வரல. தைக்காதீங்க. திரும்ப எண்ணணும்." (மாப்னா ரத்தம் ஒத்தி எடுக்கிற துணி.) இவ்வளவுதான். இதைவிடக் கண்டிப்பா யாராலும் சொல்ல முடியாது, ஆனா இதில் டாக்டரைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல பாருங்க. மாப்பைப் பத்தித்தான் இருக்கு.

ஊசிநூல்:
அக்கா, அந்த நேரத்தில் வார்த்தையைப் பொறுக்கிட்டா இருக்க முடியும்?

பழைய கத்தரி:
மிஷின் ஓடிட்டிருந்துச்சாங்க?

ஊசிநூல்:
இல்ல. மார்க்கரை, அதான் வெட்ட வேண்டிய அளவு வரைஞ்ச தாளை, மேல விரிச்சு கிளிப் போட்டுட்டிருந்தாங்க.

பழைய கத்தரி:
அப்ப அஞ்சு நிமிசம் இருந்துச்சுங்களே பாப்பா. ஓரமாக் கூப்பிட்டு "மாஸ்டர், இந்த ரோல் எப்பப் பிரிச்சதுங்க?"ன்னு கேட்டிருந்தாப் போதுமே. எங்கட வாயாலயே "காலையில"ன்னு வந்திருக்கும். வந்தப்பறம் வெட்ட மனசு வருமாங்க?

வெட்டு ஒண்ணு:
இதோ வந்துட்டார் மாஸ்டர். இப்படிச் சுத்தி வளைச்சுக் கேட்டுத்தானே அந்த வாஷிங்டன் விமானம் ஆத்தில் விழுந்தது? அவர் "காலையில, அதுக்கென்ன இப்ப?"ன்னு சொல்லிட்டு மிஷினைப் போட்டா? வெட்டின துணியை ஒட்ட வைக்க எந்த மிஷின் இருக்கு?

நைட் டூட்டி:
அப்பத்தான் ரெண்டாவது தடவை. அது நேரா: "வெட்டாதீங்க மாஸ்டர், பீஸ் சுருங்கிடும், நான் பாஸ் பண்ண மாட்டேன்." மூணாவது தடவை நேரா மேனேஜர்கிட்ட. முதல் தடவையே மூணாவதுக்குத் தாவிட்டா, உண்மையிலேயே தலை போற அன்னிக்குச் சொல்ல எதுவும் மிச்சமிருக்காது.

ஹெச்ஆர் பக்கம்:
நான் கோயம்புத்தூரில் ஹெச்ஆர். அடி விழும்னு தெரிஞ்சே வர்றேன். பெரும்பாலும் எங்களுக்கு வர்ற புகாரில் விஷயத்தைப் பத்திச் சண்டையே இருக்காது. அந்த "ஆ" விகுதிதான் சண்டை. "படிக்கலையா?", "கண்ணு தெரியாதா?", "எத்தனை தடவை சொல்றது?" இதெல்லாம் கேள்வி மாதிரி இருக்கும், பதில் சொன்னா எதிர்த்துப் பேசறான்னு ஆயிடும். வாட்ஸ்அப் குரூப்பில் இன்னும் மோசம். நாப்பது பேர் இருக்கிற குரூப்பில் ஒருத்தர் பேரைப் போட்டு ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்புவாங்க. திட்டவே இல்லையேம்பாங்க.

ஆனா ஒருத்தர்கிட்ட மட்டும் கடிதம் கேட்டது தப்பு. நானா இருந்தா ரெண்டு பேரையும் உக்கார வெச்சிருப்பேன்.

ஊசிநூல்:
இப்ப நான் கேட்கிறேன். அதே மாஸ்டர் நம்பர் ஒட்டுற அக்காவை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை "ஏய், இங்க வா"ன்னு கூப்பிடறார். அவங்க வயசு அம்பது, அவருக்கு நாப்பத்திரண்டு. ஹெல்பர் பையனை "எருமை"ம்பார். அந்தப் பையன் வட நாட்டிலிருந்து வந்தவன், தமிழில் முதல்ல கத்துக்கிட்ட வார்த்தையே அதுதான். மேனேஜர் மாஸ்டரை அதே டேபிள் முன்னாடி "நீயெல்லாம் எதுக்கு மாஸ்டர்"னு கேட்டதை நானே பார்த்திருக்கேன். அப்ப ஹெச்ஆருக்குத் தொனி காதில் விழலையா? மேலிருந்து கீழ வந்தா அது வேலை வாங்குறது, கீழிருந்து மேல போனா அது திமிர்.

வெட்டு ஒண்ணு:
இதைத்தான் நான் முதல்லயே சொன்னேன்.

ஹெச்ஆர் பக்கம்:
நீங்க முதல்ல சொன்னது "எழுதாதீங்க"ன்னு மட்டும்தான். ஆனா ஊசிநூல் சொல்றதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல. அந்த அக்கா புகார் எழுதித் தரவே மாட்டாங்க, எழுதாததை நாங்க எடுக்கவும் மாட்டோம். அதுதான் நடைமுறை. பெருமையாச் சொல்லல.

பழைய கத்தரி:
ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்தனுங்க. நானும் "எருமை"ன்னு சொல்றவன்தான். மிஷின் சத்தத்துல கத்திக் கத்திப் பழகிப்போச்சு, என்ற மாஸ்டர் என்னைய இதைவிட மோசமாக் கூப்பிட்டாரு. அதுக்காகச் சரின்னு ஆயிடாதுங்க. ஆனா ஒண்ணு பாப்பா: அவரு அக்காவை "ஏய்"னு கூப்பிடறது உனக்கு எரியுதுன்னா, அந்த வலி உனக்குத் தெரியுதுன்னுதானே அர்த்தம்? அதையே நீ அவருகிட்டக் காட்டினா அக்காவுக்கு என்ன கெடச்சுச்சு?

ஓடுபாதை:
மாஸ்டர் அண்ணன் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், பாதிதான். எங்கள் பயிற்சியில் ஒரு வரிசை உண்டு: பெயரோ பதவியோ சொல்லிக் கூப்பிடு, உன் கவலையைச் சொல், பிரச்சனையைச் சொல், என்ன செய்யலாம் என்று சொல், "சரிதானே?" என்று பதில் வாங்கு. ஊசிநூலின் வாக்கியத்தை இதில் போட்டுப் பாருங்கள். "மாஸ்டர்" இருக்கிறது. பிரச்சனை இருக்கிறது. "நிறுத்துங்க" இருக்கிறது. ஒரே ஒரு துண்டுதான் கூடுதல். அந்தத் துண்டை மட்டும் வெட்டிப் போடுங்கள், மீதியைத் தொடாதீர்கள். ஹெச்ஆர் கடிதம் கேட்டால் மீதியும் சேர்ந்து போய்விடும், என் பயமெல்லாம் அதுதான்.

வெட்டு ஒண்ணு:
எனக்கு இன்னும் உடன்பாடில்ல. கோபம் வந்த இடத்தில் கோபமாப் பேசுறதும் மனுஷ மொழிதான். எல்லாரும் விமான நிலைய அறிவிப்பு மாதிரியே பேசிட்டிருந்தா எது அவசரம், எது சாதாரணம்னு எப்படித் தெரியும்?

நைட் டூட்டி:
தினமும் கோபமாப் பேசினாலும் தெரியாது தம்பி. எங்க தியேட்டரில் ஒரு டாக்டர் கத்தாத நாளே கிடையாது. அவர் நிஜமாவே பதறின ஒரு நாள், நாங்க யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கல.

ஊசிநூல்:
நாலு நாள் கழிச்சு வர்றேன். நடந்ததைச் சொல்லிடறேன்.

கடிதம் எழுதல. ஹெச்ஆர்கிட்ட "நான் மாஸ்டர்கிட்டயே பேசிக்கிறேன், நிறுத்தச் சொன்னதுக்கு எழுதித் தர மாட்டேன்"னு சொன்னேன். அவங்களும் ஃபைலை மூடினாப் போதும்னு விட்டுட்டாங்க.

மாஸ்டரைச் சாயங்காலம் டீக்கடையில் பிடிச்சேன். "மாஸ்டர், துணி விஷயத்தில் நான் சொன்னது சரி. தெரியாதான்னு கேட்டது தப்புங்க"ன்னேன். அவர் டீயை ஆத்திக்கிட்டே, "காலையில வெட்டின லே ஒண்ணு இருக்கே, அதை அளந்தியா?"ன்னு கேட்டார். எனக்கு அப்படி ஒரு லே இருக்கிறதே தெரியாது. சாப்பாட்டுக்கு முன்னாடியே ஒரு லே இறங்கியிருக்கு. ராத்திரி பூரா படுத்த பிறகு நீளத்தில் ரெண்டு சென்டிமீட்டர் போயிடுச்சு. மறுநாள் யார்கிட்டயும் சொல்லாம, எல் சைஸ் பீஸை எல்லாம் எம் சைஸுக்குத் திருத்தி வெட்டி வெச்சிருக்கார். இருக்கிறதிலேயே சின்ன சைஸ் பீஸைத் திருத்த வழியில்ல, அது புதுசா வெட்டியாகணும். அதை மேனேஜர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு மூணு நாளா முழிச்சிட்டிருந்திருக்கார். கடைசியில் ரெண்டு பேரும் சேர்ந்து போய்ச் சொன்னோம். மேனேஜர் கத்தினார். எங்க ரெண்டு பேரையும் பார்த்துத்தான்.

இப்ப ரோல் பிரிச்ச நேரத்தைச் சாக்பீஸில் ரேக்கிலேயே எழுதச் சொல்லியிருக்கார், அவரேதான். அக்காவை இன்னும் "ஏய்"னுதான் கூப்பிடறார்.

வெட்டு ஒண்ணு:
உங்ககிட்ட அவர் மன்னிப்பு கேட்டாரா இல்லையா?

ஊசிநூல்:
டீ வாங்கித் தர்றேன்னார். கடைசியில் சில்லறை இல்லைன்னுட்டார், காசு நான்தான் குடுத்தேன்.