இலையுதிர்காலத்தில் இலை நிறம் மாறுவதைப் பார்க்க மலைக்குப் போய்க் கோட்டை விட்டவர்கள் உண்டா?

ஜப்பானில் நிக்கோ, அக்டோபர் கடைசி ஞாயிறு. இரோஹாசாகா மலைப்பாதை வளைவுகளில் பஸ் நகரவே இல்லை, மேலே சூசென்ஜி ஏரிக்குப் போய்ச் சேர்ந்தால் ஒரே பனிமூட்டம், ஏரியே தெரியவில்லை. சரி, திரும்பலாம் என்று கிளம்பினோம். இறங்கும் பாதையில் 28 வளைவு. எத்தனையாவது வளைவோ, நான் செல்போனில் வெள்ளையாக விழுந்த படங்களை அழித்துக்கொண்டிருந்தேன். அம்மா "டேய், அங்க பாருடா" என்று தொடையில் தட்டினார். நிமிர்வதற்குள் மூடிவிட்டது. என்னம்மா தெரிந்தது என்றால் "எல்லாம் தெரிஞ்சுது" என்கிறார். இன்றுவரை அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

---

ஞாயிற்றுக்கிழமை போனது உங்கள் தப்பு, கோபப்படாதீர்கள். நிறம் உச்சியிலிருந்து கீழே இறங்கி வரும். ஏரி 1,269 மீட்டர் உயரம், கடைசி வாரத்தில் அங்கே பெரும்பாலும் முடிந்திருக்கும். அப்போது வளைவுகள்தான் பார்க்க வேண்டிய இடம், கீழே கோயில்கள் பக்கம் நவம்பரில். வார நாளில், விடியும் முன்பே கிளம்புங்கள். வெயில் இலைக்குப் பின்னாலிருந்து வருகிற மாதிரி நில்லுங்கள். குளிர் அடித்தால் போதும், சிவப்பு தானாக வரும். நானும் ஏமாந்தவன்தான்: நாகானோ பக்கம் சென்ஜோஜிகி என்ற மலைப்பகுதிக்கு, 2,612 மீட்டர் உயரத்துக்கு, ரோப்வேயில் ஏறினேன், அக்டோபர் பாதி. இலை ஒன்றுகூட இல்லை, மொட்டைக் கிளையில் நனகமாடோ என்ற மரத்தின் பழம் மட்டும் கொத்துக் கொத்தாகச் சிவந்து தொங்கியது.

---

குளிர் மட்டும் போதாது சார். மஞ்சள் ஏற்கெனவே இலைக்குள் இருப்பது, பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பை இலை அப்போதுதான் சர்க்கரையிலிருந்து புதிதாகச் செய்கிறது, அதற்குப் பகலில் நல்ல வெயிலும் வேண்டும். அப்புறம் ஏன் எல்லோரும் சிவக்கும் மேப்பிள் மரத்தையே துரத்துகிறீர்கள்? ஏரிக்கு மேலே சென்ஜோகஹாரா சதுப்பு நிலத்தில் லார்ச் மரங்கள், ஊசியிலை மரம்தான், ஆனால் மஞ்சளாகி உதிரும். காற்று ஒரு தடவை வீசியது, சத்தமே இல்லாமல் ஊசி ஊசியாகக் கொட்டியது. வீட்டுக்கு வந்து ஸ்வெட்டரைக் கழற்றினால் கழுத்துப்பட்டியில் இன்னும் குத்துகிறது.

---

அறிவுரைக்கு நன்றி, நான் அதைக் கேட்கவில்லை. அந்த இறக்கத்தில் இடப்பக்க ஜன்னலில் உட்கார்ந்து போனவர் யாராவது இருந்தால், அங்கே என்ன தெரியும் என்று மட்டும் சொல்லுங்கள்.