திறந்த ஷாம்பெயின், கழுத்தில் கரண்டி: உங்களுக்கு என்ன நடந்தது?

பாசிக்குடா வெயிட்டர்
ஹோட்டலில் நைட் டியூட்டி. பிரெஞ்சுக்காரத் தம்பதி அரைப் போத்தலை மிச்சம் வைத்து, கழுத்தில் தேக்கரண்டியைச் செருகி, "ஃபிரிட்ஜில் வை, காலையில் குடிப்போம்" என்றார்கள். கரண்டி இருந்தால் வாயு போகாதாம். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. காலையில் ஊற்றினால், கிளாஸின் அடியிலிருந்து நூல் நூலாகக் குமிழி ஏறுகிறது! அந்த அம்மா கரண்டியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போனார். இதை இன்னும் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

கல்லடிக்காரன்
கரண்டி ஒன்றும் செய்யவில்லை தம்பி, செய்தது குளிர். 1994இல் ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஸேர் என்ற வேதியியல் பேராசிரியர் இதைச் சோதித்துப் பார்த்தார். கரண்டியால் பலன் இல்லை. குளிர்ந்த திரவம் கரியமில வாயுவை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் சுவிஸ் அத்தான் கொண்டுவந்ததை முற்றத்து மேசையில் திறந்து வைத்தார்கள். பித்தளைச் செம்பு தொட்டால் சுடுகிற சித்திரை வெயில். சாப்பாடு வருமுன் அது வெறும் புளித் தண்ணீர்.

அறுகம்பே அலை
கரண்டியை விடுங்கள், பம்ப் கதை கேளுங்கள். கெஸ்ட் ஹவுஸ் முதலாளி சாதா வைனுக்கு வைத்திருக்கிற காற்று உறிஞ்சும் பம்பை இதற்கும் போட்டார். உறிஞ்சினால் வாயுவும் சேர்ந்து போகுமே! மறுகா ரப்பர் மூடியை வெறுமனே அமுக்கி வைத்தார். இரவு டப் என்று ஒரு சத்தம். மூடி கூரைத் தகரத்தில் பட்டு, பல்லி ஒன்று நேராக அவருடைய சோற்றுக் கோப்பையில் விழுந்தது.

வாவிக்கரை
@பாசிக்குடா வெயிட்டர், நூல் நூலாகக் குமிழி வந்ததை வைத்து எதையும் முடிவு கட்ட வேண்டாம். துணியால் துடைத்த கிளாஸில் ஒட்டியிருக்கும் நுண்ணிய நாரிலிருந்துதான் அந்தக் குமிழிகள் கிளம்பும். வாயு குறைந்த வைனும் அப்படி ஒரு கோடு காட்டும். வாயில் வைத்தால்தான் தெரியும். @கல்லடிக்காரன் சொன்ன குளிர் சரி, ஆனால் பாதிதான் சரி. குளிர் வாயு போவதை மெதுவாக்கும், தடுக்காது. திறக்காத போத்தலுக்குள் 5, 6 வளிமண்டல அழுத்தம், கார் டயரைவிட இரண்டு மடங்குக்கு மேல். அதனால் கழுத்து விளிம்பைக் கவ்விப் பிடிக்கிற இரண்டு கை வைத்த மூடி வேண்டும். கடைசியில் மூடலாம் என்று இருக்காமல், ஒவ்வொரு முறை ஊற்றியதும் மூடுங்கள். கிளாஸைச் சரித்து ஊற்றுங்கள். மிச்சத்தை நிமிர்த்தி, ஃபிரிட்ஜின் உள்பக்கம் வையுங்கள். கதவில் வைத்தால் குலுங்கும். இரண்டு பேருக்கு என்றால் 375 மில்லி போத்தலே போதும். பௌர்ணமி போயா தினத்தில் மதுக் கடை பூட்டு, முதல் நாளே வாங்கி வையுங்கள்.

கல்லடிக்காரன்
போயாவை யார் கேட்டது ஐயா?

அக்கரைப்பற்று மருமகள்
எங்கள் வீட்டில் இதெல்லாம் இல்லை. ஆனால் ஜிஞ்சர் பியர் பெரிய போத்தல் பாதியானதும் மாமி பிளாஸ்டிக்கை நசுக்கிக் காற்றை எடுத்து மூடுவார். காலையில் போத்தல் தானாக உப்பி நிற்கும், உள்ளே வாயுவின் காரமே இருக்காது.

வாவிக்கரை
உப்பியது உள்ளே இருந்த வாயுவால்தான் தங்கச்சி. நசுக்காமல் இறுக்கி மூடச் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று மருமகள்
மாமியிடமா? நீங்களே வந்து சொல்லுங்கள்.