பாபிலோன் 5 நாவலில் 32 பக்கங்கள் இல்லை: உதவி தேவை

‘பாபிலோன் 5’ என்ற அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரை ஒட்டி கேத்தரின் டிரென்னன் எழுதி 1997இல் வெளிவந்த ‘டு டிரீம் இன் த சிட்டி ஆஃப் சாரோஸ்’ நாவலின் என் பிரதியில், 65 முதல் 96 வரையிலான பக்கங்கள் இரண்டு முறை கட்டப்பட்டு, 97 முதல் 128 வரையிலான பக்கங்கள் விடுபட்டுள்ளன.

தொலைக்காட்சித் தொடர்களை ஒட்டி வரும் நாவல்கள் பெரும்பாலும் படித்ததும் மறந்துவிடுபவை, இது அப்படியல்ல. முதல் பருவத்தோடு விண்வெளி நிலையத்தை விட்டுச் செல்லும் அதன் தளபதி ஜெஃப்ரி சின்க்ளேர் மின்பார் என்ற கோளில் ரேஞ்சர்கள் என்ற படையை எவ்வாறு வளர்த்தெடுத்தார், அவருடைய காதலி கேத்தரின் சக்காய்க்கு என்ன நேர்ந்தது என்று தொடர் சொல்லாமல் விட்டவற்றை இந்நாவலே சொல்கிறது. தொடரை உருவாக்கியவரும் இதைக் கதையின் அதிகாரபூர்வமான பகுதியாகவே ஏற்றுக்கொண்டார். ஆகவே இடையில் 32 பக்கங்களைத் தாண்டிப் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

லண்டனில் ஒரு பழைய புத்தகக் கடையில் மூன்று வாரங்களுக்கு முன் வாங்கினேன். டெல் பதிப்பகத்தின் முதல் பதிப்பு. அட்டையில் குறையேதும் இல்லை. கடைக்காரரிடம் வேறு பிரதி இல்லை, பணத்தைத் திருப்பித் தர முன்வந்தார். அருகிலுள்ள இரண்டு நூலகங்களிலும் தேடினேன், கிடைக்கவில்லை. இணையத்தில் உள்ள கதைச்சுருக்கங்கள் முடிவையே முதலில் சொல்லிவிடுவதால் அவற்றைப் பாதியிலேயே மூடிவிட்டேன்.

இதே முதல் பதிப்பை வைத்திருப்பவர்கள், 128ஆம் பக்கத்துக்குப் பின் வருவதை வெளியிடாமல், விடுபட்ட பக்கங்களில் நிகழ்வதை மட்டும் எனக்கு எழுதித் தர முடியுமா?